ஆக்சிமீட்டர் 99 காட்டியது

அன்புள்ள மல்லிகா,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் போடாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உன் மாமியாருக்குக் கால் தேவலையா? இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று இப்போதுதான் எழுத முடிகிறது.

போன மாதம் குன்னூரில் தம்பி வீட்டில் இருந்தேன். குளிர் தாங்கவில்லை என்று ராத்திரி அறைக்குள் கரி அடுப்பை வைத்து, ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டான். விடிகாலையில் அம்மா கதவைத் தள்ளித் திறந்தபோது தரையில் வாந்தியோடு கிடந்தான். ஆஸ்பத்திரியில், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினார்கள். 99! “ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு, சாப்பாடு ஒத்துக்கல போல” என்றார் அங்கிருந்தவர். எனக்கு வந்த கோபம்! கரி அடுப்பு, கரி அடுப்பு என்று நான் கத்திய பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் 28 சதவீதத்தை, கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு பிடித்து வைத்திருந்தது. அந்தக் கருவி அதையும் ஆக்சிஜன் கணக்கில் சேர்த்துவிடும், மல்லிகா. அவன் நகம் ரோஜா நிறத்தில் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்குப் பயம்.

வெறும் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் அந்த விஷ வாயு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை. மாஸ்க்குக்குள் அவன் மூச்சு பனிப்படலமாகப் படிந்து மறைவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது நம் திமிங்கலம் ஞாபகத்துக்கு வந்தது. சிரிக்காதே.

கெண்ட்ரூ என்ற விஞ்ஞானி 1960-ல், திமிங்கலத் தசையில் ஆக்சிஜனைச் சேர்த்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தை 2 ஆங்ஸ்ட்ராம் (கிட்டத்தட்ட அணு அளவு) நுணுக்கத்தில் காட்டிய படத்தை வகுப்பில் பார்த்து, “வாசலே இல்லையே, ஆக்சிஜன் எந்த வழியா சார் உள்ளே போகும்?” என்று கேட்டாயே. உட்கார வைத்துவிட்டார்கள் உன்னை. நீ கேட்டதுதான் சரியான கேள்வி! படத்தில் அசையாமல் நிற்கும் புரதம் நிஜத்தில் ஓயாமல் நடுங்குகிறது. அந்தப் புரதச் சங்கிலியில் 64-வதாக இருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஒரு கணம் வெளிப்பக்கம் திரும்புகிறது, அந்த இடுக்கில் வாயு நுழைகிறது. உள்ளே குட்டிக் குட்டி அறைகள். 1984-ல் செனான் வாயுவை அழுத்தி ஏற்றிப் பார்த்தபோது நான்கு இடங்களில் அது போய் உட்கார்ந்திருந்தது. 2003-ல் பிரான்சின் கிரெனோபிளில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். லேசரால் கார்பன் மோனாக்சைடை, புரதத்துக்குள் வாயு ஒட்டும் இரும்பிலிருந்து பிரித்துவிட்டு, அது ஒவ்வோர் அறையாக நகர்வதை எக்ஸ்ரேயில் படமெடுத்தார்கள். ஒரு படத்துக்கு 150 பிக்கோ வினாடி; ஒரு பிக்கோ வினாடி என்பது வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு!

பரீட்சையில் நாம் எழுதிய பதில் இப்போது நிற்காது. ஹிஸ்டிடின் இடித்துக் கார்பன் மோனாக்சைடைச் சாய்த்துவிடுகிறது, அதனால்தான் அதன் பிடி தளர்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினோம். அதைவிட முக்கியம், அதே ஹிஸ்டிடின் ஆக்சிஜனை ஹைட்ரஜன் பிணைப்பால் தாங்கிக்கொள்வது. அந்த இரும்பைத் தாங்கும் ஹீம் புரதம் இல்லாமல் தனியாக இருந்தால், அதில் கார்பன் மோனாக்சைடின் பிடி ஆக்சிஜனைவிடச் சுமார் 20,000 மடங்கு; மயோகுளோபினுக்குள் அது முப்பது மடங்குக்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. ஆனாலும் ஹீமோகுளோபினில் 200 மடங்குக்கு மேல். உள்ளே வந்து ஒட்டுவதில் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட மெதுவானதுதான். ஒட்டிவிட்டால் விடுவதில்லை, அங்கேதான் வினை. மயோகுளோபினில் ஆக்சிஜன் ஒரு வினாடிகூட நிற்காமல் இரும்பை விட்டுவிடும். கார்பன் மோனாக்சைடோ ஒரு நிமிடம் போலப் பிடித்துக்கொண்டு கிடக்கும். தம்பியின் ரத்தத்தில் அந்தப் பிடி ஒவ்வொன்றாக விடட்டும் விடட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

உன் கொடைக்கானல் வீட்டில் கணப்புச் சட்டி இன்னும் இருக்கிறதா? இன்றைக்கே வெளியே வை. மாமியார் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்.

அவன் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டான். ஆனால் தேறிய பிறகும் சில வாரம் கழித்து மறதி வரலாம், கவனித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நேற்று வண்டிச் சாவியை வைத்த இடம் தெரியாமல் அரை மணி நேரம் தேடினான். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சின்ன வயதிலிருந்தே அவன் இப்படித்தானே என்கிறாள் அம்மா. நீயும் அவனைப் பத்து வயதிலிருந்து பார்த்தவள். அப்படித்தானே? உடனே எழுது.

உன்,
சாரதா