மண்டபம் ஆபீஸ் மெயில் விஷயமாக

கீழக்கரை
மே மாதம்

அன்பு மாப்ளே,

நலம்தானே? இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் தாங்கவில்லை, மத்தியானம் ஆனால் கரண்டும் போய்ப் போய் வருகிறது. மண்டபம் ஏற்றுமதி ஆபீசின் மெயில் சர்வரை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்கு இறங்கிவிட்டால், சர்வரை ஐந்து நிமிடம் நிறுத்தக்கூட யாரும் உன்னை விடமாட்டார்கள். அதற்குள் முடித்துவிடு.

"கனெக்ட் ஆகவில்லை" என்று மூன்று பேர் மூன்று விதமாகப் புகார் சொன்னதை ஒரே கோளாறாக எடுத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு அப்படிப் படவில்லை. நீ எழுதிய அறிகுறிகளைப் பார்த்தால் சர்வர் நன்றாகவே ஓடுகிறது. தனக்குச் சொல்லி வைத்த விதிப்படி சிலரை வாசலில் நிறுத்துகிறது, அவ்வளவுதான். ஏன் நிறுத்தினேன் என்று லாகிலும் (சர்வரின் பதிவேட்டிலும்) எழுதி வைத்திருக்கும். அதைப் பார்க்காமல் ஒவ்வொரு மெஷினாகப் போய் அவுட்லுக் செட்டிங்கை நோண்டுவது வெட்டி வேலை. மெயில்.லாக் கோப்பே காணோம் என்றாயே, சர்வரில் ஓடும் லினக்ஸான டெபியனில், 12-ஆம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பை எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை. ஜர்னல்சிடிஎல் கட்டளையில் டவ்காட் (பெட்டியிலிருக்கும் மெயிலைக் கொடுப்பது), போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை அனுப்பிப் பெறுவது) இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால் எல்லாம் வரும்.

முதல் புகார்: திடீரென்று மொத்த ஆபீசுக்கும் மெயில் நின்று, பத்து நிமிடத்தில் தானாக வருகிறது. அதே நேரத்தில் வெப்மெயில் மட்டும் திறக்கிறது. இது ஃபெயில்2பேன் வேலை, தப்பான பாஸ்வேர்டை விடாமல் தட்டுபவரைத் தடுக்கும் காவலாளி. அதன் வழக்கமான கணக்கு, பத்து நிமிடத்துக்குள் ஐந்து முறை தப்பான பாஸ்வேர்ட் வந்தால் அந்த ஐபி என்ற இணைய முகவரிக்குப் பத்து நிமிடத் தடை. ஆபீசில் இருக்கும் அத்தனை பேரும் ரவுட்டர் வழியாக ஒரே பொது ஐபியில்தான் வெளியே போகிறார்கள். அண்மையில் யாரோ பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள்; கம்ப்யூட்டரில் புதியதைப் போட்டுவிட்டு, பாக்கெட்டில் கிடக்கும் போனில் பழையதை அப்படியே விட்டிருப்பார்கள். அந்த போன் ஆபீஸ் வைஃபையில் சேர்ந்ததும் பழைய பாஸ்வேர்டையே தட்டிக்கொண்டிருக்கும். ஒருவர் போனுக்காக எல்லோருக்கும் கதவு சாத்தப்படும். ஃபெயில்2பேனில் டவ்காட்டுக்கான விதித் தொகுப்பான டவ்காட் ஜெயில், மெயில் போர்ட்களை (இணைப்பு வாசல்களை) மட்டும் அடைப்பதால் 443-இல் ஓடும் வெப்மெயில் தப்பித்துக்கொள்கிறது.

இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ஃபயர்வால் தடுத்தால் டைம்அவுட் (பதிலே வராது), சர்வீஸ் ஓடாவிட்டால் ரெஃப்யூஸ்டு (உடனே மறுப்பு) என்றுதான் எல்லோரும் பாடம் படித்திருக்கிறோம். ஃபெயில்2பேன் பாக்கெட்டை சத்தமில்லாமல் விழுங்காமல் ரிஜெக்ட் செய்து திருப்பியனுப்பும். அதனால் சர்வீஸ் செத்துவிட்டது போலவே ரெஃப்யூஸ்டு என்று காட்டலாம். உடனே டவ்காட்டை ரீஸ்டார்ட் செய்யப் போகாதே. ஃபெயில்2பேன்-கிளையன்டில் டவ்காட் ஜெயிலின் ஸ்டேட்டஸ் பார். ஆபீஸ் ஐபி அங்கே உட்கார்ந்திருக்கும். அன்பேன்ஐபி கொடுத்து எடுத்துவிட்டு, எந்த அக்கவுன்டில் தோல்வி என்று லாகில் பார்த்து, அந்த போனைப் பிடி. தடையே போடாத பட்டியலான இக்னோர்ஐபியில் ஆபீஸ் ஐபியைச் சேர்க்கலாம், ஆனால் அது நிலையான ஐபியாக இருந்தால் மட்டும். மாறிக்கொண்டே இருக்கும் பிராட்பேண்ட் ஐபியைச் சேர்த்தால், நாளைக்கு அதே ஐபி வேறு யாருக்கோ போகும்.

இரண்டாவது, 'இன்ஃபோ' அக்கவுன்ட். இரண்டு மெஷினில் வருகிறது, மூன்றாவதில் வரவில்லை, ஒன்றை மூடினால் மற்றது வருகிறது என்று நீ எழுதியதுமே விஷயம் புரிந்துவிட்டது. டவ்காட்டில் மெயில்_மேக்ஸ்_யூசர்ஐபி_கனெக்‌ஷன்ஸ் என்று ஒரு வரம்பு. சொல்லாமல் விட்டால் 10. ஒரே யூசர், ஒரே ஐபியிலிருந்து அதற்கு மேல் இணைப்பு வைத்திருக்க முடியாது. மெயில் படிக்கும் தண்டர்பேர்ட் மென்பொருள் ஒரு அக்கவுன்டுக்கு ஐந்து ஐமேப் (சர்வரில் இருக்கும் மெயிலைப் படிக்கும் முறை) இணைப்பு வரை திறந்து வைத்துக்கொள்ளும். இரண்டு மெஷினிலேயே பத்தும் தீர்ந்தது. லாகில் 'மேக்சிமம் நம்பர் ஆஃப் கனெக்‌ஷன்ஸ்' என்று தொடங்கும் வரி அந்த அக்கவுன்டின் பெயரோடு நிற்கும். டவ்ஆட்மின் ஹூ கட்டளை கொடுத்தால் யார் எத்தனை இணைப்பு பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணியே பார்த்துவிடலாம். டவ்காட் கான்ஃபிக்கில் ஐமேப் பகுதிக்குள் அந்த எண்ணை 30 ஆக்கி ரீலோடு செய். தண்டர்பேர்டிலும் சர்வர் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு போய் ஐந்தை இரண்டாகக் குறைத்துவிடு. யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

மூன்றாவது, முதலாளியின் போன். ஆபீஸ் வைஃபையில் வருகிறது, வெளியே மொபைல் டேட்டாவில் சுற்றிக்கொண்டே நிற்கிறது. பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில், சர்வர் பெயருக்கு குவாட்-ஏ ரெக்கார்டு (ஐபிவி6 என்ற புதிய வகை ஐபியின் பதிவு) இருக்கிறதா என்று முதலில் பார். மொபைல் நெட்வொர்க்குகள் ஐபிவி6-ஐ முதலில் முயலும்; ஆபீஸ் பிராட்பேண்டில் ஐபிவி4 மட்டும் என்றால் அங்கே பிரச்சினை தெரியவே தெரியாது. எஸ்எஸ் கட்டளையில் 993 (மெயில் வாங்க), 587 (அனுப்ப) போர்ட்கள் இரண்டும் ஐபிவி6 முகவரியிலும் கேட்கின்றனவா பார். ஃபயர்வாலில் ஐபிவி6-க்கும் தனியாகத் திறந்திருக்க வேண்டும். அவ்வளவு தூரம் போக விருப்பமில்லை என்றால் குவாட்-ஏ ரெக்கார்டை எடுத்துவிடு, போதும். தனுஷ்கோடிப் பக்கம் போனபோது மட்டும் வரவில்லை என்று அவர் சொன்னால் அதைக் கணக்கில் சேர்க்காதே. அரிச்சல்முனையில் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்வதுண்டு. ரோமிங் இல்லாமல் எந்த மெயிலும் வராது.

இனி வரக்கூடியவற்றையும் சொல்லிவிடுகிறேன். சர்வரின் அடையாளச் சான்றான லெட்ஸ் என்கிரிப்ட் சர்ட்டிஃபிகேட் 90 நாள். செர்ட்பாட் என்ற புரோகிராம் அதைத் தானாகப் புதுப்பித்துவிடும்; ஆனால் டவ்காட்டும் போஸ்ட்ஃபிக்ஸும் ரீலோடு ஆகும்வரை பழையதையே நீட்டிக்கொண்டிருக்கலாம். புதுப்பித்ததும் ஓடும் டிப்ளாய் ஹூக்கில் இரண்டுக்கும் ரீலோடு எழுதி வை. சர்ட்டிஃபிகேட் கோப்பாக இடைநிலைச் சான்றும் சேர்ந்த ஃபுல்செயினைக் கொடு. வெறும் செர்ட் கோப்பைக் கொடுத்தால் கம்ப்யூட்டரில் ஓடினாலும் போன்கள் முரண்டு பிடிக்கலாம். பிறகு, யாரும் சர்வர் பெயருக்குப் பதில் ஐபி எண்ணைப் போட்டு வைத்திருக்கக் கூடாது. சர்ட்டிஃபிகேட்டில் இருப்பது பெயர்தான்.

போர்ட் குழப்பமும் அடிக்கடி வரும். 993-க்கும் 465-க்கும் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், அதாவது முதலிலிருந்தே மறைகுறியாக்கம். 143-க்கும் 587-க்கும் ஸ்டார்ட்டிஎல்எஸ், அதாவது சாதாரணமாகத் தொடங்கிப் பிறகு மறைகுறியாக்கத்துக்கு மாறுவது. 993-இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று தேர்ந்தெடுத்தால், சர்வர் வணக்கம் சொல்லட்டும் என்று கிளையன்டும், கிளையன்ட் கைகுலுக்கட்டும் என்று சர்வரும் பேசாமல் காத்திருந்து கடைசியில் டைம்அவுட். மெயில் வருகிறது, போகவில்லை, 554 ரிலே ஆக்சஸ் டினைடு (அனுப்ப அனுமதி இல்லை) என்று திரும்பினால், அவுட்லுக்கில் வெளியேறும் சர்வருக்கும் லாகின் வேண்டும் என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்காது. வெளியேறும் போர்ட்டாக 25-ஐ வைத்திருந்தாலும் மாற்று. பல இன்டர்நெட் கம்பெனிகள் அதை அடைத்து வைத்திருக்கின்றன.

ஒரே ஒரு பழைய மெஷின் மட்டும் சர்ட்டிஃபிகேட் செல்லாது என்று அழுதால் தேதியைப் பார். மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தால் கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். இணைப்பு விட்டு விட்டு வந்தால் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி நுனியைப் பார். நம்மூர் உப்புக் காற்றில் பின்கள் பச்சை பூத்திருக்கும். துடைத்துக்கொண்டிருக்காமல் வெட்டிப் புதிய முனை வைத்து கிரிம்ப் செய்.

எது செய்தாலும் சரி, அக்கவுன்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதை மட்டும் கடைசிக்கு வை. பழைய ஆட்கள் இன்னும், மெயிலை மெஷினுக்கே இறக்கிக்கொள்ளும் பாப்3-இல் இருப்பார்கள். அவர்கள் மெயில் அந்த மெஷினில் அவுட்லுக் மெயிலைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்பில் மட்டும்தான் இருக்கலாம், சர்வரில் நகல் இல்லாமல் போகலாம். முதலில் அவுட்லுக்கை மூடிவிட்டு பிஎஸ்டியை வேறு டிஸ்க்கில் காப்பி எடு.

டெபியன் 13-க்கு ஏற்றலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். அதில் வருவது டவ்காட் 2.4, பழைய கான்ஃபிக் கோப்பை வைத்துக்கொண்டு அது எழுந்தே நிற்காது, சர்ட்டிஃபிகேட் வரியின் பெயர்கூட மாறிவிட்டது. தனியாக ஒரு சோதனை மெஷினில் கான்ஃபிக்கை மாற்றி ஓட்டிப் பார்த்த பிறகு பேசலாம்.

மேலே சொன்னதில் எதுவும் பொருந்தவில்லை என்றால், கோளாறு நடந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிட லாகை வெட்டி அனுப்பு. பாஸ்வேர்டை லாகில் எழுதும் ஆத்_டீபக்_பாஸ்வேர்ட்ஸை ஆன் செய்திருந்தால், முதலில் அணைத்துவிட்டு மறுபடி லாக் எடு. இல்லாவிட்டால் எல்லோருடைய பாஸ்வேர்டும் அதில் அப்படியே இருக்கும்.

அன்புடன்,
உன் மச்சான்