வெட்டிய பத்தியைத் திரும்பப் போடுங்கள்

தமிழ்ப் பள்ளி மலர்க் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். மலர் வந்து சேர்ந்தது. அட்டை அழகாக இருக்கிறது, உழைத்தவர்களுக்கு நன்றி. ஆனால் நம் ஊரை, நியூயார்க் மாநிலத் தலைநகரைப் பற்றிய 'நாம் வாழும் ஆல்பனி' பகுதியில் ஜான் டெய்லரைப் பற்றி நான் எழுதியதில் நடுப்பத்தியைக் காணோம். கேட்டதற்கு, "பிள்ளைகள் படிக்கிற மலர், அந்த அசிங்கம் எதற்கு" என்று பதில் வந்தது. மூன்று நாள் பேசாமல்தான் இருந்தேன், முடியவில்லை.

நீங்கள் விட்டுவைத்தது இவ்வளவுதான்: 1790-ல் இங்கிலாந்தில் பிறந்தவர், சின்ன வயதில் இங்கே வந்தவர், ஹட்சன் ஆற்றங்கரையில் நாட்டிலேயே பெரியது என்று பேர் வாங்கிய பீர் ஆலையைக் கட்டியவர், 1848-ல் மேயரானவர். எல்லாம் சரி. ஆனால் இதை மட்டும் படிக்கிற பிள்ளைக்கு அந்த ஊரில் யாருமே கேள்வி கேட்கவில்லை என்றுதானே தோன்றும்?

கேட்டார் ஒருவர். எட்வர்ட் டெலவன், மதுவிலக்குக்காரர். ஆல்பனியின் பீர்க்காரர்கள் மால்ட் செய்ய அழுக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று 1835-ல் பத்திரிகையில் எழுதினார். எட்டுப் பேர் அவதூறு வழக்குப் போட்டார்கள், எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் டாலர் நஷ்டஈடு. முதலில் விசாரணைக்கு வந்தது டெய்லர் போட்ட வழக்கு, 1840 ஏப்ரலில்.

மால்ட் என்பது வேறொன்றும் இல்லை, பார்லியை ஊறப்போட்டு முளைகட்டிக் காயவைப்பது. நம் வீட்டில் பயறு ஊறப்போடும்போது தண்ணீரைக் கொட்டிக் கொட்டி எத்தனை தடவை அலசுகிறோம்! அங்கே சாட்சிகள் சொன்ன தண்ணீர் தேங்கிய குட்டைத் தண்ணீர். பக்கத்தில் கல்லறை நிலம், செத்த நாய் பூனைகளைத் தூக்கிப் போடுகிற இடம். அதைப் பார்த்தவர்கள் நீதிமன்றத்தில் ஏறிச் சொன்னார்கள். ஊரில் பெரிய மனிதர் ஒருவருக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏறுவது லேசான காரியமா? அந்தப் பேச்சைத்தான் நீங்கள் அசிங்கம் என்று வெட்டியிருக்கிறீர்கள். ஜூரி டெலவன் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது.

டெய்லர் குற்றச்சாட்டை மறுத்தவர், வழக்கே அவர் போட்டதுதான், அதையும் எழுதியிருந்தேன். எட்டு வருடம் கழித்து அதே ஊர் அவரை மேயராக்கியது. அவர் மேயராக இருந்த 1848 ஆகஸ்டு 17 அன்றுதான் பெருந்தீயில் சுமார் 600 கட்டடங்கள் எரிந்தன. அந்த நாளில் ஊரைத் தலைமை தாங்கியவர் என்ற மரியாதை எனக்கு உண்டு. அவரைக் கெட்டவர் என்று காட்ட நான் எழுதவில்லை, முழு மனிதராகக் காட்டத்தான் எழுதினேன். அப்புறம் 1850 வாக்கில் நகரமே பொதுக் குடிநீர்த் திட்டத்தில் இறங்கியது. சுத்தமான தண்ணீரைக் குழாயில் பிடிக்கிற பிள்ளைக்கு அந்த வழக்கையும் இந்தத் திட்டத்தையும் பக்கத்தில் வைத்துச் சொன்னால் எவ்வளவு நன்றாகப் புரியும்!

இந்த ஒரு கட்டுரை மட்டும் என்றால் விட்டிருப்பேன். போன மலரிலும் இப்படித்தான், எந்தப் பெரிய மனிதரைப் பற்றி எழுதினாலும் ஏழ்மை, உழைப்பு, வெற்றி, மாலை. வழக்கு, தோல்வி, பதில் சொல்ல முடியாமல் நின்ற நாள் எல்லாம் போய்விடுகிறது. என் மகள் வகுப்பில் டெய்லர் கட்டுரையைப் படித்துவிட்டு, "அப்பா, அவர் தப்பே பண்ணலையா?" என்று கேட்டாள். நான் எழுதிய கட்டுரைதான், பதில் அதில் இல்லை. உட்காரவைத்து வாயால் சொன்னேன்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: அடுத்த மலரில் விட்டுப்போன பத்தி என்று குறிப்பிட்டு, 1840 விசாரணையை அச்சிடுங்கள். பத்து வரிதான். இடம் போதாது என்றால் என் அடுத்த கட்டுரையை நிறுத்திவிட்டு இதைப் போடுங்கள், எனக்குச் சம்மதம். பத்தியை இன்றே மறுபடி அனுப்பியிருக்கிறேன். எடுத்துக்கொண்டீர்களா இல்லையா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அன்புடன்,
மலரில் எழுதும் ஒரு பெற்றோர்