கம்பெனி மூழ்கிப்போனால் எங்கள் பணம் என்னவாகும்? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர் பெருமக்களுக்கு,

வணக்கம்.

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர், பிரீமியம் ரசீதை வாங்கிய பிறகும் எழுந்து போகாமல், தயங்கித் தயங்கி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “இருபது முப்பது வருஷம் கட்டுகிறோம், அதற்குள் கம்பெனி மூழ்கிப்போனால் எங்கள் பணம் என்னவாகும்?” சீட்டிலும் நிதி நிறுவனங்களிலும் சேமிப்பைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் ஊரில் இருப்பதால், இந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. இந்தத் தொழில் நம் நாட்டில் வளர்ந்த கதையோடு சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமையாக விளங்கும் என்பதால் இந்த மடலை எழுதுகிறோம்.

இந்திய மண்ணில் ஆயுள் காப்பீடு 1818-இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட ஓரியண்டல் நிறுவனத்தோடு பிறந்தது. அந்த நிறுவனம் 1834-இல் நொடித்துப்போனது. 1829-இல் சென்னையில் மெட்ராஸ் ஈக்விடபிள் வந்தது. ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் இங்கிருந்த ஐரோப்பியர்களை மனத்தில் வைத்து நடந்தவை. இந்தியர் ஒருவர் பாலிசி கேட்டால், அவருடைய உடல்நிலையைப் பார்ப்பதற்கு முன்பே, இந்தியர் என்பதற்காகவே கூடுதல் பிரீமியம் விதித்தார்கள். 1871-இல் தொடங்கிய பம்பாய் மியூச்சுவல்தான் நம்மவர்களையும் மற்றவர்களுக்குரிய அதே கட்டணத்தில் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டது. சுதேசி உணர்வு கொழுந்துவிட்ட 1906-இல் சென்னையில் யுனைடெட் இந்தியா உருவானது. அண்ணா சாலையில் இன்று எல்.ஐ.சி. கட்டடமாக நிற்கும் மாளிகை அந்த நிறுவனத்துக்காகத் தொழிலதிபர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் திட்டமிட்டது. அவர் 1954-இல் விமான விபத்தில் காலமானார், கட்டடம் திறக்கப்பட்ட 1959-இல் அது பொதுத்துறையின் சொத்தாகியிருந்தது.

நீங்கள் அஞ்சும் வகை ஆபத்து அந்தக் காலத்தில் உண்மையாகவே இருந்தது. சில சங்கங்கள், ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்துக்கு இவ்வளவு கிடைக்கும் என்று உறுதி சொல்லாமல், வசூலான பணத்தை அந்தந்த ஆண்டில் வந்த கோரிக்கைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தன. சேருகிறவர்கள் குறைந்தால், அதுவரை ஒழுங்காகக் கட்டியவர்களின் பங்கும் சுருங்கிப்போகும். பிரீமியம் விகிதங்களைக் காப்பீட்டுக் கணக்கியல் வல்லுநர் சான்றளிக்க வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பங்கீட்டு முறையைத் தடைசெய்து, பணத்தில் ஒரு பகுதியை அரசுப் பத்திரங்களில் போட்டே ஆகவேண்டும் என்றது 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம். பல திருத்தங்களோடு அதே சட்டம்தான் உங்கள் பாலிசியை இன்றும் ஆளுகிறது.

சட்டம் இருந்தும் முதலாளிகள் சிலர் பாலிசிதாரர்களின் பணத்தைத் தங்கள் பிற தொழில்களுக்குத் திருப்பினார்கள். 1955 வரையிலான பத்தாண்டுகளில் 25 ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் கலைக்கப்பட்டன என்றும், மேலும் 25 நிறுவனங்களின் வணிகம் பாலிசிதாரர்களுக்கு நட்டத்தோடு பிற நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டது என்றும் அன்றைய நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக் எடுத்துக்காட்டினார். 1956 ஜனவரி 19 அன்று, ஆயுள் காப்பீட்டை அரசே எடுத்துக்கொள்ள அவசரச் சட்டம் வந்தது. செப்டம்பர் 1 அன்று, 245 நிறுவனங்களையும் சங்கங்களையும் உள்ளடக்கி எல்.ஐ.சி. தொடங்கியது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் தம் தந்தையின் டிரங்குப் பெட்டியிலிருந்து 1951-ஆம் ஆண்டுப் பாலிசி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மடிப்பில் கிழிந்து, ஓரத்தில் துருக்கறை படிந்திருந்தது. அதை வழங்கிய நிறுவனத்தின் பெயர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனால் முதிர்வுத் தொகையை எல்.ஐ.சி. கொடுத்ததற்கான கடிதம் அதோடு குத்தி வைக்கப்பட்டிருந்தது.

அரசின் கைக்குப் போனதாலேயே கவலை தீர்ந்துவிடவில்லை. தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் சிக்கலில் இருந்த நிறுவனங்களில் எல்.ஐ.சி. சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் முதலீடு செய்ததை உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் எழுப்ப, நீதிபதி சாக்ளா விசாரிக்க, 1958-இல் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பாலிசிதாரரின் பணத்துக்குக் கணக்குக் கேட்க ஆள் இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எங்களுக்குத் தெரிந்து வேறில்லை. வாகனம், தீ விபத்து போன்றவற்றுக்கான பொதுக் காப்பீடு 1973-இல் நாட்டுடைமையானது. காப்பீட்டுத் துறைச் சீர்திருத்தத்தை ஆராய்ந்த மல்ஹோத்ரா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையம் அமைந்து, 2000-இல் தனியாருக்குக் கதவு திறந்தது.

இனி உங்கள் கேள்விக்கு நேரடியான பதில். எல்.ஐ.சி. பாலிசிகளின் காப்புத் தொகைக்கும் அறிவிக்கப்பட்ட போனசுக்கும், அதன் சட்டத்தின் 37-ஆம் பிரிவின்படி மத்திய அரசு உத்தரவாதம் தருகிறது. தனியார் நிறுவனங்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. வங்கி வைப்புக்கு உள்ள 5 லட்ச ரூபாய்க் காப்பு போன்றதும் இல்லை. அதற்கு மாறாக, பொறுப்புகளைச் சமாளிக்க விதிப்படி தேவையான உபரிச் சொத்தைப்போல் ஒன்றரை மடங்கை அவை எப்போதும் கையிருப்பில் காட்டவேண்டும். நிலைமை சரிந்தால் ஆணையம் நிர்வாகியை நியமிக்கலாம். பாலிசிகளை வேறு நிறுவனத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்யலாம். இந்த வித்தியாசத்தை மறைத்து உங்களிடம் எந்தப் பாலிசியையும் விற்க நாங்கள் விரும்பவில்லை.

ஆனால் எங்கள் அனுபவத்தில், குடும்பங்கள் பணத்தை இழந்தது கம்பெனி மூழ்கியதால் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன், வேறொருவர் மூலம் பாலிசி எடுத்திருந்த ஒருவரின் மனைவி, ஒரு பிளாஸ்டிக் பையில் காகிதங்களோடு எங்களிடம் உதவி கேட்டு வந்தார். பாலிசி கேட்டுத் தரும் முன்மொழிவுப் படிவத்தில் “சர்க்கரை நோய் உண்டா?” என்ற கேள்விக்கு எதிரே, யாரோ ஒருவருடைய கையெழுத்தில் “இல்லை” என்று இருந்தது, கீழே அவருடைய கணவரின் ஒப்பம். அவரோ ஆறு வருடமாக அதற்கு மாத்திரை சாப்பிட்டவர். பாலிசி எடுத்து இரண்டாம் ஆண்டிலேயே இறந்ததால், காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு நிறுவனத்துக்குக் கேள்வி கேட்க இடம் தந்தது, க்ளைம் நிராகரிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கடந்த ஆயுள் பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் கேள்வி கேட்க முடியாது என்று அந்தப் பிரிவு இப்போது திருத்தப்பட்டிருக்கிறது என்றாலும், அந்த மூன்று ஆண்டுகளுக்குள் படிவத்தில் இருக்கும் ஒற்றைச் சொல் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிடக்கூடும். அந்த அம்மையாருக்கு எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை என்பது இன்றும் எங்களுக்கு வருத்தம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். படிவத்தை நீங்களே வாசித்து நிரப்புங்கள். நாங்கள் நிரப்பிக் கொடுத்தாலும் வாசிக்காமல் ஒப்பமிடாதீர்கள். புதிய பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள், நிபந்தனைகள் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். திருமணத்துக்கு முன் எடுத்த பாலிசிகளில் நாமினியாக இன்னும் காலஞ்சென்ற பெற்றோரின் பெயரே இருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். அதை மாற்ற ஒரு படிவம் போதும். எந்த நிறுவனத்தின் பாலிசியாக இருந்தாலும், யாரிடம் எடுத்ததாக இருந்தாலும், சனிக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை பத்திரத்தை எடுத்து வாருங்கள். கூடவே உட்கார்ந்து வாசித்துச் சொல்கிறோம். இதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
காப்பீட்டு ஆலோசனை அலுவலகத்தார்