புறாவின் காலில் கட்டிய இணையம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தை விடாமல் படிக்கும் வாசகி நான். புதுக் கைப்பேசி, செயற்கை நுண்ணறிவு, இணைய மோசடி எச்சரிக்கை என்று எல்லாம் வருகிறது. சரி, அவையும் வேண்டியவைதான். ஆனால் நிரல் எழுதுகிறவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குக் கைமாற்றிவிடும் கதைகள் ஒன்றுகூட அதில் வருவதில்லை. பன்னிரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இணையத்தில் நான் திரும்பத் திரும்பத் தேடிப்போய்ப் படிப்பது அவற்றைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது 500 மைல் மின்னஞ்சல் கதை. 1990களில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மின்னஞ்சல் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, புள்ளியியல் துறைத் தலைவரிடமிருந்து ஃபோன் வருகிறது. 500 மைலுக்கு மேல் மெயில் போகவில்லை என்கிறார். மெயிலுக்கு ஏது தூரம்? ஆனால் புகார் சொன்னவர்கள் புள்ளியியல்காரர்கள். சில நாள் பொறுத்திருந்து, கணக்கெடுத்து, வரைபடமே போட்டு வைத்திருக்கிறார்கள். இவரும் அனுப்பிப் பார்க்கிறார். 420 மைலில் இருந்த நியூயார்க்குக்குப் போகிறது. 580 மைலில் இருந்த பிராவிடன்ஸுக்குப் போகவில்லை. விஷயம் என்னவென்றால், யாரோ இயங்குதளத்தைப் புதுப்பித்தபோது மெயிலை அனுப்பிவைக்கும் சென்ட்மெயில் மென்பொருள் பழைய பதிப்புக்கு இறங்கிவிட்டது. புதிய பதிப்புக்காக எழுதிய அமைப்புக் கோப்பு அதற்குப் புரியவில்லை. அதனால் மறுமுனைக்காகக் காத்திருக்கும் நேரம் பூஜ்யமாகிவிட்டது. அந்தக் கணினியில் பூஜ்யம் என்றால் நடைமுறையில் 3 மில்லிநொடிக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் மறுமுனையை எட்டாவிட்டால் இணைப்பு கைவிடப்படும். 3 மில்லிநொடியில் ஒளி போகும் தூரம் 558 மைல்!

முதல்முறை இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். சில வருடம் கழித்து இதே கதை எனக்குக் கைகொடுத்தது. எங்கள் சேவை ஒன்று பக்கத்துத் தரவு மையத்தோடு ஒழுங்காகப் பேசும். கடல் கடந்து இருந்ததோடு பேசினால் மட்டும் இணைப்பு அறுந்துவிடும். எல்லோரும் வெளித் தொடர்புகளை வடிகட்டும் ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டார்கள். நான் நேரே டைம்அவுட்டை, அதாவது அந்தக் காத்திருக்கும் நேரத்தைப் போய்ப் பார்த்தேன். 30 நொடி என்று நினைத்து எழுதிய 30, மில்லிநொடியாக எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. எந்தக் கையேடும் என்னை அந்த வரிக்குக் கூட்டிப்போயிருக்காது.

அப்புறம் புறா. இணையத்தில் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதிகளான நெறிமுறைகளை ஆர்எஃப்சி என்ற ஆவணங்களாக எண் போட்டு வெளியிடுவார்கள். 1990 ஏப்ரல் 1 அன்று வந்த 1149ஆம் ஆவணம், இணையத் தரவைப் புறா வழியே அனுப்பும் முறையைச் சொல்கிறது. பாக்கெட் எனப்படும் தரவுத் துண்டைச் சின்னக் காகிதச் சுருளில் அச்சிட்டு, காலில் சுற்றி, டேப் ஒட்ட வேண்டும். அதிகாரபூர்வ ஆவணத்தின் அதே மிடுக்கான நடையில் எழுதியிருப்பார்கள். 2001இல் நார்வேயின் பெர்கன் நகரத்து லினக்ஸ் இயங்குதள ஆர்வலர்கள் இதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். 9 பாக்கெட் போனது. 4க்குப் பதில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் 53 நிமிடத்திலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் வரை ஆனது. எனக்கு இதில் பிடித்தது, நெறிமுறை அசரவில்லை என்பது. கம்பியா, ஒளியிழையா, இறக்கையா என்று அது கேட்பதே இல்லை. இணையம் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டது என்பதைப் புதியவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

1998 ஏப்ரல் 1 அன்று வந்த, இணையம் வழியே காபி போடச் சொல்லும் காபி பாத்திர நெறிமுறையும் அப்படித்தான். தேநீர்க் கெண்டியிடம் காபி கேட்டால் 418 என்ற பிழை எண் வரும். 2017இல் சில மென்பொருள்களிலிருந்து இந்த எண்ணை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது நிரலாளர்கள் திரண்டு எதிர்த்தார்கள். இன்று அது வேறு எதற்கும் கொடுக்கப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

இவையெல்லாம் ஆங்கிலத்தில் கொட்டிக்கிடக்கின்றன. தமிழில் படித்து இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாடம் கிடைக்கிறது, பயிற்சி கிடைக்கிறது. இந்தச் சிரிப்பு மட்டும் கிடைப்பதில்லை. மாதம் ஒரு பத்தி ஒதுக்கினால் போதும். புறா ஆவணம் மொத்தமே இரண்டு பக்கம்தான். அதைத் தமிழில் விளக்கி எழுதி வைத்திருக்கிறேன். வருகிற ஏப்ரல் முதல் தேதி இதழில் இடம் இருக்குமென்றால் சொல்லுங்கள், உடனே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் துறை வாசகி