உரிமத் துப்பாக்கியைக் காவலாளி கையில் கொடுத்தவரையும் வழக்கில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்
ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் மனைவி,
(பெயரும் முகவரியும் தனித்தாளில்)
திருவட்டார் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் மற்றும் மாவட்ட நடுவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாகர்கோவில்.

பொருள்: ரப்பர் தோட்டத்தில் உரிமத் துப்பாக்கியால் என் கணவர் சுடப்பட்டது – ஆயுதச் சட்டப் பிரிவுகளைச் சேர்ப்பது – உரிமதாரர் மீதும் வழக்குப் பதிவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். என் வீட்டுக்காரர் 22 வருடமாகப் பால் வெட்டுகிறார். அதிகாலை நான்கு மணிக்கு வெட்ட ஆரம்பித்தால்தான் வெயில் ஏறுவதற்குள் பால் எடுத்து முடிக்க முடியும். மார்கழியில் குளிருக்குப் பால் நன்றாக இறங்கும் என்பதால் அந்த மாதம் ஒரு நாளும் வேலையை விட மாட்டார்.

போன மார்கழியில் ஒரு நாள், விடிவதற்கு முன், தலையில் கட்டியிருந்த லைட் மங்கிவிட்டது. பேட்டரி மாற்றுவதற்காக லைட்டை அணைத்துவிட்டு மரத்தடியில் குந்தியிருந்தார். கீழே காய்ந்த சருகு. அவர் அசைந்த சத்தத்தைக் காட்டுப்பன்றி என்று நினைத்து, பக்கத்துத் தோட்டத்துக் காவலாளி சுட்டுவிட்டார். இடது தொடையிலும் முட்டியிலும் ரவை பாய்ந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது ரத்தம் இல்லை, பால் வாளிதான். வாளியில் ஐந்து ஓட்டை. ஐந்திலிருந்தும் பால் நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது.

அரசு மருத்துவமனையில் மூன்று ரவையை எடுத்தார்கள். முட்டிக்குப் பக்கத்தில் இரண்டை எடுத்தால் நரம்புக்கு ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். எக்ஸ்ரேயில் இரண்டும் மிளகு மாதிரித் தெரிகின்றன. அதன் நகலை இணைத்திருக்கிறேன்.

காவல் நிலையத்தில் முதலில் மனு ரசீதுதான் கொடுத்தார்கள். இரண்டு வாரம் நடந்த பிறகுதான் முதல் தகவல் அறிக்கை பதிவானது. அதில் காவலாளி பெயர் மட்டும் இருக்கிறது. பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 125(அ), அதாவது அஜாக்கிரதையால் சாதாரணக் காயம். ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம்.

இது எப்படிச் சாதாரணக் காயம் ஆகும் என்று சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேட்டேன். பதினைந்து நாள் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலே அது கொடுங்காயம் என்று விளக்கினார்கள். பழைய சட்டத்தில் 20 நாள் என்று இருந்ததைப் புதிய சட்டத்தில் 15 ஆகக் குறைத்திருக்கிறார்களாம். என் வீட்டுக்காரர் மார்கழியில் படுத்தவர், சித்திரை பிறந்தும் முழங்காலை மடக்க முடியவில்லை. மரத்தின் அடியில் வெட்டுவதற்குக் குனிந்துதான் ஆகவேண்டும். ஆகவே 125(ஆ) வரவேண்டும். அதற்கு மூன்று வருடம் வரை தண்டனை.

ஆனால் நான் தங்களிடம் வந்தது அதற்காக மட்டும் இல்லை.

அந்தத் துப்பாக்கி கள்ளத் துப்பாக்கி அல்ல. ஒற்றைக் குழல் துப்பாக்கி, பயிர்ப் பாதுகாப்புக்கு என்று முறையாக உரிமம் வாங்கியது. உரிமம் தோட்ட முதலாளி பேரில் இருக்கிறது. அவர் இருப்பது டவுனில். தோட்டத்துக்கு மாதத்தில் ஒரு தடவை வருவார். துப்பாக்கி காவலாளி ஷெட்டில், சாக்குக்கு அடியில் கிடக்கும். இது தோட்டத்தில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

விசாரணையில் முதலாளி சொன்ன பதில், “ரிப்பேருக்குக் கொண்டு போகக் கொடுத்திருந்தேன்” என்பது. உரிமதாரர் எழுத்தில் அனுமதி கொடுத்தால், ரிப்பேருக்கோ உரிமம் புதுப்பிக்கவோ வேறு ஒருவர் துப்பாக்கியைக் கொண்டு போகலாம் என்று ஆயுதச் சட்டம் 3-ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. சரி, அந்த எழுத்து எங்கே? காலை நாலரை மணிக்கு, தோட்டா போட்டு, ரப்பர் மரங்களுக்குள் எந்த ரிப்பேர் கடை திறந்திருந்தது? நிலையத்தில் இதை யாரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆணைக்குழுவில் உட்கார்ந்து கேட்டு நான் குறித்துக்கொண்டதைத் தங்கள் பார்வைக்கு எழுதுகிறேன். தவறு இருந்தால் பொறுத்தருளவும். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது ஆயுதச் சட்டம் 25(1பி)(அ) பிரிவுக் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை சிறை. மற்றவர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாகச் சுட்டால் 25(9), அதுவும் அதே திருத்தத்தில் புதிதாக வந்தது. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இதெல்லாம் சுட்டவருக்கு. வாங்குகிறவருக்கு வைத்திருக்க உரிமை உண்டா என்று பார்க்காமல் துப்பாக்கியைக் கொடுத்தாலே கொடுத்தவர் மீது 29-ஆம் பிரிவு வரும். உரிம நிபந்தனையை மீறினால் 30-ஆம் பிரிவு.

ஏன் ஆயுதச் சட்டமே போடவில்லை என்று கேட்டால், “கலெக்டர் அனுமதி வேண்டும்மா, அது நாளாகும்” என்கிறார்கள். 39-ஆம் பிரிவின்படி மாவட்ட நடுவரின் முன் அனுமதி வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது 3-ஆம் பிரிவை மீறிய குற்றத்துக்கு மட்டும். 25(9), 29, 30 ஆகியவற்றுக்குத் தங்கள் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. அதுவும் போக, அனுமதி கேட்டுக் கோப்பு தங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலாளி தரப்பில் 15,000 ரூபாய் கொடுத்தனுப்பினார்கள். வாங்கினேன். மருந்துக்கும் ஆட்டோவுக்கும் அது போய்விட்டது. அப்புறம் சமாதானப் பத்திரம் என்று ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போடவில்லை. ஆயுதச் சட்டக் குற்றம் இரண்டு வீட்டார் திண்ணையில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை.

காவலாளி மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவரும் கூலிக்காரர்தான். பன்றி மரச்சீனியை (மரவள்ளியை)க் கிளறிப்போட்டால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். அந்தப் பயத்தில்தான் இருட்டில் சத்தத்தைக் குறிவைத்தார். அவரை மட்டும் உள்ளே தள்ளிவிட்டால் அடுத்த மாதம் அதே சாக்குக்கு அடியில் இருந்து அதே துப்பாக்கியை இன்னொரு கூலிக்காரர் எடுப்பார்.

துப்பாக்கி என்றதும் நம் மாவட்டத்தில் 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் அவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதுதான் எல்லோர் நினைவுக்கும் வரும். அது வேறு. மலையோரத்தில் நாங்கள் பயப்படுவது இந்த உரிமத் துப்பாக்கிகளுக்கும், பால்ரஸ் என்கிற இரும்புக் குண்டு போட்டு வெடிக்கிற நாட்டுத் துப்பாக்கிகளுக்கும்தான். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளை நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். தேர்தல் முடிந்து திரும்பப் போனபின் அவை யார் கையில் இருக்கின்றன என்று எங்கள் பக்கம் யாரும் வந்து பார்த்து நான் அறியேன். உரிமத்தின் காலமும் 2019 திருத்தத்தில் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாகிவிட்டது.

பன்றித் தொல்லை பொய் இல்லை. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை வரை வாழை, மரச்சீனி போட்ட எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று அரசு 2025 ஜனவரியில் ஆணையிட்டது. ஒரு கிலோமீட்டரிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். எந்தத் தூரமானாலும் தோட்டக் காவலாளி சுடலாம் என்று அதில் இல்லை.

ஆகவே, அந்தத் தோட்ட உரிமதாரரின் உரிமத்தை ஆயுதச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி உடனே நிறுத்திவைத்து, துப்பாக்கியைக் காவல்துறைப் பொறுப்பில் எடுக்க உத்தரவிடக் கோருகிறேன். 29, 30 பிரிவுகளில் அவரையும் வழக்கில் சேர்க்கவும், காவலாளி மீதான வழக்கில் 125(ஆ), 25(9) பிரிவுகளைச் சேர்க்கவும் காவல் கண்காணிப்பாளருக்குத் தாங்கள் எழுத வேண்டும். 39-ஆம் பிரிவு அனுமதிக் கோப்பு வந்திருந்தால் காலம் தாழ்த்தாமல் முடிவெடுக்க வேண்டும், வராவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். மலையோர வட்டங்களில் பயிர்ப் பாதுகாப்பு உரிமத் துப்பாக்கி ஒவ்வொன்றும் உரிமதாரர் வசம்தான் இருக்கிறதா என்று ஒருமுறை நேரில் பார்க்கச் சொன்னால் எங்களைப் போல் இருட்டில் வேலைக்குப் போகிற எல்லோருக்கும் உதவியாக இருக்கும்.

பால் வாளியை நிலையத்தில் யாரும் சாட்சிப் பொருளாகக் கேட்கவில்லை. நானும் கழுவவில்லை. ஓட்டைகளில் பால் உறைந்து அப்படியே அடைத்துக்கொண்டு நிற்கிறது. இன்று மனுவோடு கொண்டு வந்திருக்கிறேன். எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னால் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: முதல் தகவல் அறிக்கை நகல், மனு ரசீது, எக்ஸ்ரே நகல், மருத்துவமனைச் சீட்டு.