மீன் விற்கும் முன் தண்ணீரைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முழுப் பரீட்சை முடிந்தால் வேலூரில் மீன் தொட்டி வியாபாரம் சூடு பிடித்துவிடும். போன வருஷம் பேரன் ஆசைப்பட்டான் என்று நாங்களும் இரண்டடித் தொட்டி ஒன்றும், நியான் டெட்ரா என்ற சின்ன மீன் பன்னிரண்டும் வாங்கினோம். அவற்றில் ஒன்பது செத்துப்போயின. இந்த வருஷமாவது வேறு வீட்டுப் பிள்ளை அழக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் குடிக்கக் காவிரித் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். தொட்டிக்கும் அதைத்தான் ஊற்றினோம். தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அட்டையை நனைத்துப் பார்த்தால் எட்டைத் தாண்டியது (எண் இறங்க இறங்க அமிலம் அதிகம்). "ஏழுக்குக் கீழே இறக்குங்க" என்று கடைக்காரர் அமில பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். சாயங்காலம் சொட்டு விட்டால் ஏழு காட்டும். விடிந்தால் பழையபடி எட்டு. ஆறு நாள் இப்படியே. ஏழாம் நாள் அளவைக் கூட்டினோம். மறுநாள் காலையில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. உடம்பில் மின்னும் அந்த நீலக்கோடு சாம்பலாக வெளுத்திருந்தது. அட்டை ஆறுக்கும் கீழே. பேரன் ஒவ்வொன்றாக வலையில் எடுத்துத் தட்டில் வைத்தான், ஒரு வார்த்தை பேசவில்லை.

காரணம் எங்கள் வெந்நீர் அண்டாவிலேயே இருந்தது. அதன் உள்பக்கம் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். எலுமிச்சம்பழ மூடியால் தேய்த்தால் புஸ்ஸென்று நுரைக்கும், நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரியாததல்ல. அந்தச் சுண்ணாம்பு உப்புதான் தொட்டித் தண்ணீரிலும் கரைந்திருக்கிறது. விடுகிற அமிலத்தை அது தின்றுவிடுகிறது, பி.எச். திரும்ப ஏறுகிறது. உப்பு தீர்ந்துபோன அன்று தடுக்க ஆளில்லை, ஒரே இறக்கம். பி.எச். ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். ஒரே ராத்திரியில் அதை எந்த மீன் தாங்கும்?

காட்பாடியில் மொட்டை மாடியில் மீன் வளர்க்கும் ஒரு தம்பி பாட்டிலைத் தூக்கிப் போடச் சொன்னார். இப்போது வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுகிறோம். முதல் மழையை விட்டுவிட்டு, ஐப்பசியில் பிடித்து மூடி வைத்த மழைநீரைப் போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுகிறோம். அது தீர்ந்தால் ஆர்.ஓ. தண்ணீர். ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே ஊற்றிவிடக் கூடாது; அதில் தாங்கிப்பிடிக்க உப்பே இல்லாததால் மீன் கழிவே பி.எச்.சைச் சரித்துவிடும். காய்ந்த வாதாம் மரத்து இலை ஒன்றும் போடுகிறோம். தண்ணீர் வெளிர் டீ நிறமாகும், பயப்பட வேண்டாம். உப்பைக் குறைக்காமல் இலையை மட்டும் போட்டால் பி.எச். அசையாது. அழகுக்காகப் போட்டிருந்த சிப்பிகளையும் பளிங்குக் கற்களையும் எடுத்துவிட்டோம், அவையும் பி.எச்.சை ஏற்றுகிறவை. மீதி மூன்று டெட்ராவும் நன்றாக இருக்கின்றன.

இத்தனை பாடும் டெட்ராவுக்குத்தான். அதன் பூர்வீகம் அமேசான் பக்கத்து, உப்பு குறைந்த மென்மையான தண்ணீர். கப்பி, மோலி மீன்களுக்கு நம் உப்புத் தண்ணீரே ஒத்துப்போகிறது. பக்கத்துத் தொட்டியில் வெறும் போர் தண்ணீரில் மோலி இரண்டு முறை குட்டி போட்டுவிட்டது.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மீனைப் பையில் போடும் முன் "உங்க வீட்டில் என்ன தண்ணீர்?" என்று கேளுங்கள். போர் தண்ணீர் என்றால் கப்பியையும் மோலியையும் காட்டுங்கள். அமில பாட்டிலை முதல்முறை வளர்க்கும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.