விருது வாங்கிய நிமிடத்தைப் படத்தோடு சேர்த்துக் கொடுங்கள்

விருது விழா நடத்தும் அமைப்பினருக்கும், அந்த விழாக்களை ஒளிபரப்பும் தொலைக்காட்சி நிறுவனத்தாருக்கும், தமிழ்ப் படத் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

விருது வாங்கிய ஒரு தமிழ்ப் படத்தின் டிவிடியைக் கையில் எடுத்தால், அட்டையில் ‘தேசிய விருது பெற்ற படம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ப்ளேயரில் போட்டுப் பார்த்தால் படம் இருக்கும், பாட்டுகளை மட்டும் பார்க்க ஒரு பட்டன் இருக்கும், கொஞ்சம் மனசு வைத்திருந்தால் ட்ரெய்லரும் இருக்கும். அந்த விருதை வாங்க இயக்குநரோ நடிகையோ மேடையேறிய காட்சி மட்டும் இருக்காது. அட்டையில் விற்பனைக்கு உதவுகிற விருது, உள்ளே பார்க்கக் கிடைப்பதில்லை.

விசிடி போய் டிவிடி வந்த காலத்தில் சென்னையில் ஆத்தரிங் வேலை பார்த்தவன் நான். படத்தை டிஸ்க்குக்கு ஏற்றபடி மாற்றுவது, மெனு செய்வது, சப்டைட்டில் சேர்ப்பது, இதுதான் பிழைப்பு. விருதுக் காட்சி ஏன் இல்லை என்று கேட்டால் கடைக்காரர்கள் கம்பெனியின் சோம்பேறித்தனம் என்பார்கள். அதுவும் கொஞ்சம் உண்டுதான். ஆனால் பெரிய காரணம் வேறு. படம் ஒருவருக்குச் சொந்தம், அதே படம் விருது வாங்கிய காட்சி இன்னொருவருக்குச் சொந்தம். இந்த இரண்டையும் சேர்த்து வைக்கிற ஒரு வரியை, நான் பார்த்த எந்த ஒப்பந்தத்திலும் யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த ஒரு வரியைக் கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் உலகம் முழுக்கத் தெரிந்த உதாரணத்தைச் சொல்கிறேன். 2009 பிப்ரவரி 22, நமக்குத் திங்கட்கிழமை காலை. ஏ.ஆர். ரஹ்மான் ஆஸ்கர் மேடையில் நின்று ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே’ என்று தமிழிலேயே சொன்னார். அந்த நிமிடத்தை ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ டிஸ்க்கில் எக்ஸ்ட்ராவாகச் சேர்க்க வேண்டுமானால் என்னவெல்லாம் வேண்டும்? ஆஸ்கர் ஒளிபரப்பின் காப்புரிமை படக் கம்பெனிக்குக் கிடையாது, விருது தரும் அகாடமிக்குத்தான். செய்திச் சேனல்கள் சில நாட்களுக்குத் துண்டுக் காட்சிகளைக் காட்டிக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் அனுமதி கேட்க வேண்டும், பணம் கட்ட வேண்டும், அனுமதி கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. சரி, அகாடமி சம்மதித்துவிட்டது என்றே வையுங்கள். விருதை அறிவிக்கும் நட்சத்திரம் திரையில் இருக்கிறார். போட்டியில் இருந்த மற்ற படங்களின் துண்டுகள் ஓடுகின்றன, அவை வேறு ஸ்டூடியோக்களின் சொத்து. மேடைக்கு நடந்து வரும்போது வாத்தியக் குழு வாசிக்கிற இசைக்கு ஓர் உரிமையாளர் இருப்பார். ஒரு நிமிடக் காட்சிக்குள் இத்தனை பேர்.

அதைவிட எளிமையான தடை ஒன்று உண்டு, காலண்டர். அந்தப் படத்தின் டிவிடி அமெரிக்காவில் மார்ச் 31 அன்று கடைக்கு வந்தது. விருது விழா முடிந்து ஐந்து வாரம்தான். ஆத்தரிங், சரிபார்ப்பு, டிஸ்க் அச்சடிப்பு, பெட்டி கட்டி அனுப்புவது எல்லாமே வாரக்கணக்கில் நேரம் பிடிக்கும் வேலைகள். விருது கைக்கு வரும்போது டிஸ்க்கின் உள்ளடக்கம் பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும். கடைசி நேரத்தில் மாற்ற முடிந்தது அட்டை மட்டும்தான், அதனால்தான் விருது அட்டையோடு நின்றுவிடுகிறது.

முடியவே முடியாத காரியமும் இல்லை. ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ 1962இல் வந்த படம். அதற்காக க்ரெகரி பெக் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கிப் பேசிய காட்சி, பின்னாளில் வந்த சிறப்புப் பதிப்பு டிஸ்க்கில் எக்ஸ்ட்ராவாகவே இருக்கிறது. படத்தில் அவரைப் பார்த்துவிட்டு, அடுத்த பட்டனில் அவர் கையில் விருதோடு நிற்பதையும் பார்க்கலாம். உரியவர்கள் எல்லாரும் ஒத்துப்போனால் நடக்கிறது.

இனி நம் ஊர்க் கதை. இங்கே அகாடமியும் கிடையாது, ஹாலிவுட் ஸ்டூடியோக்களும் கிடையாது. ஆனாலும் காட்சி கிடைப்பதில்லை. காரணம் கேளுங்கள்.

ஒரு தமிழ்ப் படத்தின் தொலைக்காட்சி உரிமை ஒரு சேனலிடம் இருக்கும். அந்தப் படம் விருது வாங்குகிற விழாவின் உரிமை, முதல் சேனலின் நேர்ப் போட்டியாளரிடம் இருக்கும். டிவிடி உரிமை மூன்றாவது ஒருவரிடம். இந்த மூவரும் ஒரு மேஜையில் உட்கார எந்தக் காரணமும் இல்லை. விழாக் காட்சியைக் கேட்டு வாங்கினாலும், மூலையில் சேனல் லோகோ, கீழே ஓடுகிற எழுத்து, மேடையின் பின்னால் நகைக்கடை விளம்பரம் என்று எல்லாமே காட்சியோடு ஒட்டிக்கொண்டு வரும். ஸ்பான்சர் பணம் கொடுத்தது ஒளிபரப்புக்கு, டிஸ்க்குக்கு அல்ல என்று அங்கே ஒரு சிக்கல். நடுவில் நடனம் வரும், பாட்டு ஆடியோ கம்பெனியுடையது என்று இன்னொரு சிக்கல்.

நான் நேரில் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். சின்ன பட்ஜெட் படம், முதல் பட இயக்குநர், ஒரு தனியார் விழாவில் விருது. அவர் மேடையில் பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது, தன் உதவி இயக்குநர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தார். தயாரிப்பாளர் அதை டிவிடியில் போட ஆசைப்பட்டார். மெனுவில் ‘படம்’, ‘பாடல்கள்’, அதற்குக் கீழே ‘விருது மேடை’ என்று மூன்று பட்டன் செய்து வைத்தேன். சேனலைக் கேட்டால் விழா நடத்திய கம்பெனியைக் கேட்கச் சொன்னார்கள். விழாக் கம்பெனி, எல்லா உரிமையும் சேனலுக்குப் போய்விட்டது என்றது. மறுபடி சேனலுக்குப் போனால் நொடிக் கணக்கில் ஒரு கட்டணம் சொன்னார்கள். அந்தப் படத்தின் மொத்த ஆத்தரிங் செலவைவிட அது அதிகம். டிஸ்க் அச்சடிக்க நாள் குறித்தாகிவிட்டது. மூன்றாவது பட்டனைத் தூக்கிவிட்டு, மீதி இரண்டையும் நடுவில் வருகிற மாதிரி இறக்கி, மெனுவை மறுபடி ரெண்டர் செய்து அனுப்பினேன். அந்த இயக்குநர் சொன்ன பெயர்களில் ஒன்றுகூட இன்று அந்தப் படத்தோடு இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆமாம் என்று சொல்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே அவர்களில் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

விலையும் ஒரு காரணம், மறைப்பதற்கில்லை. 2007இல் மோசர் பேர் (Moser Baer) என்ற டிஸ்க் கம்பெனி வந்து விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. பர்மா பஜார் திருட்டு டிஸ்க்கோடு போட்டி போட அதுதான் வழி என்றார்கள், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் 34 ரூபாய் டிஸ்க்கில் அனுமதிக் கட்டணத்துக்கு இடமேது? விசிடியில் இன்னும் மோசம். ஒரு டிஸ்க்கில் 80 நிமிடம்தான் பிடிக்கும், இரண்டரை மணி நேரப் படத்துக்கே இரண்டு டிஸ்க் போய்விடும். பிறகு ஒரே டிவிடியில் மூன்று படம் என்று வந்தபோது, படத்தையே நசுக்கித் திணித்தார்கள். எக்ஸ்ட்ரா பற்றிப் பேசினால் சிரிப்பார்கள்.

மாநில விருதுகளுக்கு வேறு மாதிரி சிக்கல். 2009 முதல் 2014 வரையிலான தமிழ்நாடு அரசு திரைப்பட விருதுகள், 2022 செப்டம்பரில்தான் கலைவாணர் அரங்கத்தில் வழங்கப்பட்டன. அந்தப் படங்களின் டிவிடிகள் வந்து, விற்று, கடைகளே மூடிப் பல வருடம் ஆகியிருந்தது.

தேசிய விருதுகளின் விஷயத்தில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. ‘மறுபக்கம்’ சிறந்த படத்துக்கான தேசிய விருதை வாங்கிய முதல் தமிழ்ப் படம். தயாரித்தது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம், அதாவது அரசு. விருது தந்தது அரசு. விழாவைக் காட்டுகிற தூர்தர்ஷனும் அரசு. கமல்ஹாசன் ‘மூன்றாம் பிறை’, ‘நாயகன்’, ‘இந்தியன்’ என்று மூன்று முறை சிறந்த நடிகர் விருது பெற்றார். அர்ச்சனா ‘வீடு’ படத்துக்காகப் பெற்றார். இந்த விழாக்கள் மக்கள் பணத்தில் நடந்தவை. 2022இல் ஃபிலிம்ஸ் டிவிஷனும் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டன. இனி அனுமதிக்காக ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை, ஒரே கூரைக்குக் கீழேயும் தூர்தர்ஷனிலும் கேட்டால் போதும். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின்படி ஒளிபரப்பாளரின் மறுபதிப்பு உரிமை 25 வருடத்தில் முடிகிறது. பதிவின் காப்புரிமை தனி, அது 60 வருடம், அதைக் கையில் வைத்திருப்பவர்கள் மனசு வைக்க வேண்டும். அதோடு, இதற்கு நாள் கடத்த முடியாது. அந்தக் காலப் பதிவுகள் யூமேட்டிக், பீட்டாகேம் என்ற பழைய வகை வீடியோ நாடாக்களில் இருப்பவை. ஈரக் காற்றில் நாடா பூஞ்சை பிடிக்கும், பூச்சு உதிரும். நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டுகிற மெஷின் கிடைப்பது வருடா வருடம் குறைந்துகொண்டே போகிறது.

இப்போதுதான் எல்லாம் யூடியூபில் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, ஏற்றினவர் விரும்புகிற வரை. உரிமைக் காலம் முடிந்ததும் சேனலே எடுத்துவிடும். பின்னணியில் ஒரு பாட்டு ஓடினால் ஆடியோ கம்பெனி புகார் செய்து, பேச்சு நடுவில் ஒலியே இல்லாமல் போகும். நன்றி சொன்ன பகுதியை வெட்டிவிட்டுத் தொகுப்பாளரின் நகைச்சுவையை மட்டும் ஏற்றியிருப்பார்கள். படத்தோடு சேர்ந்து இருந்தால்தான் அது படத்தின் வரலாறாக நிலைக்கும்.

அப்புறம், டிஸ்க் காலமே முடிந்துவிட்டதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் ஓடிடியில் நான் சொன்ன பழைய தடைகள் பாதி காணாமல் போய்விடுகின்றன. இடப் பிரச்சினை கிடையாது. அச்சடித்த டிஸ்க்கை மாற்ற முடியாது, ஓடிடிப் பக்கத்தில் ஒரு கோப்பை எந்த நாளும் சேர்க்கலாம். ‘சூரரைப் போற்று’ 2020 நவம்பரில் நேராக ஓடிடியில் வந்தது, ஐந்து தேசிய விருதுகள் வாங்கியது, விருதுகள் வழங்கப்பட்டது 2022 செப்டம்பர் 30 அன்று. டிஸ்க்காக இருந்திருந்தால் தாமதம் என்று சொல்லலாம், ஓடிடிக்கு அந்தச் சாக்கு செல்லாது. முதுமலையில் தமிழில் எடுத்த ‘தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்’ 2023இல் ஆஸ்கர் வாங்கியபோது, தயாரிப்பாளர் குனீத் மோங்கா பேச வாய் திறப்பதற்குள் இசையைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். மேடையில் சொல்ல முடியாமல் போனதைப் படத்தின் பக்கத்திலாவது ஐந்து நிமிடம் சொல்ல இடம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நான் கேட்பது இதுதான். அடுத்த விழாவுக்கு ஒளிபரப்பு ஒப்பந்தம் போடும்போது ஒரு பத்தியைச் சேருங்கள். பெயர் அறிவித்த நொடியில் தொடங்கி வெற்றியாளர் மேடையை விட்டு இறங்குவது வரை உள்ள காட்சியை, லோகோ இல்லாத க்ளீன் ஃபீடாக, ஒரு மாதத்துக்குள் அந்தப் படத்தின் தயாரிப்பாளருக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் படத்தோடு சேர்த்து எந்த வடிவிலும், எந்தக் காலத்திலும், கட்டணமில்லாமல் அவர் பயன்படுத்தலாம். தனியாக விற்க முடியாது. பெயர் அறிவித்த பிறகு தொடங்கினால், போட்டியில் இருந்த மற்றப் படங்களின் துண்டுகள் உள்ளே வராது, அவற்றுக்கு அனுமதியும் தேவைப்படாது. மேடை மைக்கின் ட்ராக்கைத் தனியாகக் கொடுத்தால் பின்னணி இசை உரிமைப் பிரச்சினையும் பெரும்பாலும் போய்விடும். ஒலிப்பதிவு வண்டியில் அது பெரும்பாலும் தனி ட்ராக்காகத்தான் பதிவாகிறது. கலைஞர்கள் விழாவுக்கு வரும்போது கையெழுத்துப் போடும் படிவத்தில் இதற்கும் ஒரு வரி சேர்த்தால் போதும், அவர்களைப் பின்னால் தேடிப் போக வேண்டாம்.

தயாரிப்பாளர்களே, உங்களுக்கும் ஒன்று. அந்தக் கோப்பை வாங்கி ஆபீஸ் அலமாரியில் உள்ள ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். ஓடிடிக்குப் படத்தை விற்கும்போது அதையும் பட்டியலில் சேர்த்துக் கொடுங்கள். பழைய விழாக்களின் நாடாக்கள் எந்தச் சேனலில், எந்த அலமாரியில் இருக்கின்றன என்ற பட்டியலையாவது முதலில் தயாரியுங்கள். மாற்றுகிற வேலையை அதற்கப்புறம் பேசலாம்.

ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய பத்தியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். அரைப் பக்கம்தான். உங்கள் வழக்கறிஞர்கள் திருத்த வேண்டியதைத் திருத்தட்டும். நாளும் இடமும் சொன்னால் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
டிவிடி ஆத்தரிங் செய்துவந்த ஒரு தொழிலாளி,
வடபழனி, சென்னை 26